பஞ்சுத் துண்டு அடக்கிய ஒலி: பேஸ் கிட்டாரின் ஒரு மறைவான வரலாறு

1950களிலும் 60களிலும் செய்யப்பட்ட ஃபெண்டர் பேஸ் கிட்டார்கள் பலவற்றில், தந்திகளைத் தாங்கும் குதிரையை ஒட்டி இரண்டு வெற்றுத் திருகுத் துளைகளைக் காணலாம். ஒரு காலத்தில் அங்கே உலோகப் பூச்சு மின்னும் மூடி ஒன்று இருந்தது. கைக்கு இடைஞ்சலாக இருந்ததால் வாசிப்பவர்கள் அதைக் கழற்றினார்கள். கழற்றிய மூடி சாம்பல் கிண்ணமாகப் பயன்பட்டதாம். இன்றும் அதன் செல்லப்பெயர் ‘ஆஷ்ட்ரே’தான். ஆனால் அது வெறும் அலங்காரம் அன்று. அதன் உட்புறத்தில் ஒட்டப்பட்ட பஞ்சுப் பட்டை ஒன்று நான்கு தந்திகளையும் மேலிருந்து மெல்ல அழுத்திக்கொண்டிருந்தது. ‘ம்யூட்’ எனப்படும் அடக்கி அதுவே. மூடி போனபோது பட்டையும் போனது. அதனோடு ஒரு காலத்தின் ஒலியும் போனது.

கலிஃபோர்னியாவின் ஃபுல்லர்ட்டன் நகரில் லியோ ஃபெண்டர் 1951இல் பிரிசிஷன் பேஸைக் கொண்டுவந்தபோது, அவருக்கு முன்னால் இருந்த அளவுகோல் டபுள் பேஸ். ஆள் உயரமுள்ள அந்த வாத்தியத்தைச் சுமந்து ஊர் ஊராகச் செல்வது கடினம்; டிரம்ஸும் மின்கிட்டாரும் முழங்கும் மேடையில் அதன் ஒலி எடுபடவும் இல்லை. புதிய கருவி இவ்விரு குறைகளையும் தீர்த்தது. ஆயினும் பிறிதொரு சிக்கல் எழுந்தது. டபுள் பேஸில் குடல்நரம்புத் தந்தியை விரலால் மீட்டினால் ஒலி ‘தும்’ என்று எழுந்து விரைவில் தணியும். திண்ணிய மரப்பலகையின் மேல் இழுத்துக் கட்டிய உலோகத் தந்தியோ நெடுநேரம் ரீங்கரிக்கும். ஒரு சுரத்தின் வால் அடுத்த சுரத்தின் தலையில் ஏறும். காதுக்குப் பழகிய அந்தத் தணிவை மீட்டுத்தர முயன்றதே பஞ்சுப் பட்டை.

அதைக் குதிரைக்கு அருகில் வைத்ததற்கு இயற்பியல் நியாயம் உண்டு. பிரிசிஷன் பேஸில் தந்தியின் அதிரும் நீளம் 34 அங்குலம். குதிரையிலிருந்து ஓர் அங்குலத் தொலைவில் அடிப்படை அதிர்வின் வீச்சு, நடுத்தந்தியில் உள்ளதில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. எட்டாவது மேல்அதிர்வோ அதே இடத்தில் தன் முழு வீச்சில் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கை எட்டிவிடும். எனவே அங்கே வைக்கும் பஞ்சு, ஒலியின் பளபளப்புக்குக் காரணமான மேல்அதிர்வுகளை முதலில் விழுங்குகிறது. அடிநாதத்தை அவ்வளவாகத் தொடுவதில்லை. ஒலி குறுகும், ஆனால் மெலியாது.

ஒரே பட்டையால் நான்கு தந்திகளையும் சமமாக அடக்குவது எளிதன்று. தந்திகளின் தடிமன் ஒன்றுபோல் இராது. அன்றைய ஃபெண்டர் கருவிகளின் விரல்பலகை நடுவில் சற்றே புடைத்திருக்கும். அதற்கேற்பக் குதிரையில் நடுத்தந்திகள் உயர்ந்து நிற்கும். மேலிருந்து தட்டையாக அழுத்தும் பட்டை நடுத்தந்திகளை மிகுதியாகவும் ஓரத்தந்திகளைக் குறைவாகவும் தொடும். 1960இல் வந்த ஜாஸ் பேஸில் ஒவ்வொரு தந்திக்கும் தனித்தனியே வில்பட்டையில் பொருத்திய அடக்கி கீழிருந்து தொட்டது. நுட்பமான ஏற்பாடுதான், ஆனால் சில ஆண்டுகளிலேயே அது கைவிடப்பட்டு, மூடிக்குள் பஞ்சு ஒட்டும் பழைய முறையே திரும்பியது. ரிக்கன்பேக்கர் நிறுவனம் வேறு வழி கண்டது. அதன் 4001 வகைக் கருவிகளில் குதிரையை ஒட்டி அமைந்த பஞ்சுத் தாங்கியை இருபுறத் திருகுகளால் உயர்த்தலாம், தாழ்த்தலாம். அடக்கத்தின் அளவை வாசிப்பவரே தீர்மானிக்கும் உரிமை அங்கே கருவியின் உறுப்பாகவே ஆகிவிட்டது.

இத்தனை பொறியியலுக்கும் இசைவரலாற்றில் இடம் வாங்கித் தந்தவர்கள் ஒலிப்பதிவுக்கூடக் கலைஞர்கள். டெட்ராய்ட் நகரின் மோடவுன் நிறுவனத்தில் வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சன் முதலில் டபுள் பேஸ் கலைஞர். 1962ஆம் ஆண்டுப் பிரிசிஷன் பேஸில் அவர் மூடியைக் கழற்றவில்லை. அதனடியில் பஞ்சை வைத்திருந்தார். தடித்த, தட்டையாகச் சுற்றிய தந்திகளைப் பூட்டி, அறுந்தாலன்றி மாற்றாமல், பெரும்பாலும் ஒற்றை ஆள்காட்டி விரலால் மீட்டினார். ஒவ்வொரு சுரமும் பிறந்த இடத்திலேயே முடிந்ததால், சுரங்களுக்கிடையே மௌனம் கிடைத்தது. அந்த மௌனத்தில்தான் அவருடைய துள்ளலான, நெரிசல் மிக்க சுரக்கோவைகள் குழம்பாமல் நின்றன. ஒலி நீண்டிருந்தால் அவ்வளவு சுரங்களுக்கு அங்கே இடமே இருந்திராது.

லாஸ் ஏஞ்சலிஸில் கேரல் கே இதே சிக்கலை வேறு விதமாகத் தீர்த்தார். ஜாஸ் கிட்டார் கலைஞரான அவர் 1963இல், வரவேண்டிய பேஸ் கலைஞர் வராத ஓர் ஒலிப்பதிவில் தற்செயலாகப் பேஸை ஏந்தினார். பிக் கொண்டு மீட்டுவது அவர் வழக்கம். பிக்கின் தாக்குதல் கூர்மையானது, அதன் பின்னே மேல்அதிர்வுகள் சிதறும். குதிரைக்கு அருகில் தந்திகளின் மேல் ஃபெல்ட் துணியை வைத்துக் கட்டி அதை அடக்கினார். கூர்மை நின்றது, சிதறல் ஒழிந்தது. பீச் பாய்ஸ் குழுவின் 1966ஆம் ஆண்டு ‘பெட் சவுண்ட்ஸ்’ தொகுப்பில் அவருடைய வாசிப்பும் உண்டு.

பின்னர் காலம் திரும்பியது. 1966இல் ‘தி ஹூ’ குழுவின் ஜான் என்ட்விசிலின் தேவையையொட்டி இங்கிலாந்தின் ரோட்டோசவுண்ட் நிறுவனம் வட்டச் சுற்றுத் தந்திகளை உருவாக்கியது. பியானோ போல ஒலிக்கும் அத்தந்திகளின் நோக்கமே, அதுவரை அடக்கப்பட்டு வந்த மேல்அதிர்வுகளை விடுவிப்பது. லியோ ஃபெண்டர் பங்குகொண்ட மியூசிக் மேன் நிறுவனம் 1976இல் வெளியிட்ட ஸ்டிங்ரே பேஸின் குதிரையில் தந்திக்கொன்றாக நான்கு அடக்கிகள் இருந்தன. அதே ஆண்டில்தான் ஜாக்கோ பாஸ்டோரியஸின் முதல் தனித்தொகுப்பு வெளிவந்தது. மெட்டுகள் நீக்கப்பட்ட ஜாஸ் பேஸில் பாடுவதுபோல் நீண்ட அந்த ஒலி, இளம் கலைஞர்களின் இலக்கணமாயிற்று. அடக்கி பழமையின் அடையாளமாகச் சுருங்கியது.

இம்மாற்றத்தின் விலையைக் கொடுத்தவர்களுள் ஜேமர்சனும் ஒருவர். மோடவுன் தொகுப்புகளின் உறைகளில் வாத்தியக் கலைஞர்களின் பெயர்கள் அச்சிடப்பட்டதே 1971இல், மார்வின் கேயின் ‘வாட்ஸ் கோயிங் ஆன்’ தொகுப்பில்தான். அதற்கு முன் வீடுதோறும் ஒலித்த அந்த விரலுக்கு உலகம் அறிந்த பெயர் இல்லை. பெயர் வெளிவந்தபோதோ, ஒலிச்சுவை மாறத் தொடங்கியிருந்தது. பளபளப்பான தந்திகளுக்கு மாற அவர் விரும்பவில்லை. 1983இல் தம் 47ஆம் வயதில் அவர் மறைந்தார். அதற்குச் சில நாள்களுக்கு முன் அந்தப் பிரிசிஷன் பேஸும் திருடுபோனது. ராக் அண்டு ரோல் புகழ்க்கூடம் 2000இல்தான் அவரை ஏற்றது.

இன்று பஞ்சு திரும்பி வந்திருக்கிறது. பழைய ஒலியைத் தேடுவோர் ஒரு பஞ்சுத் துண்டை வெட்டிக் குதிரைக்கு முன்னே, தந்திகளுக்கு அடியில் செருகுகிறார்கள். நடுத்தந்திகள் உயர்ந்திருப்பதால் துண்டின் நடுவைச் சற்றே மேடாக விடுகிறார்கள், ஓரங்களைச் சீவுகிறார்கள். தந்தியை அது தொட்டால் போதும், தூக்கக் கூடாது. மிகுதியாக அழுத்தினால் தந்தி குதிரையில் முடியாமல் பஞ்சில் முடிவதுபோல் நடந்துகொள்ளும்; சுருதி பிசகும், பன்னிரண்டாம் மெட்டின் சுரம் மேலேறும். அப்போது பஞ்சை மெலிதாக்குவதே முதல் வேலை. குதிரையின் சேடிலைப் பின்னுக்கு நகர்த்துவது அதற்குப் பிறகுதான்.

கருவிகளின் வரலாற்றைப் பெரும்பாலும் கூட்டல்களின் வரலாறாகவே எழுதுகிறோம்: மேலும் உரக்க, மேலும் நீளமாக, மேலும் தெளிவாக. ஒரு தலைமுறையின் நடனத்தைத் தாங்கிய ஒலி, கழித்தலால் கிடைத்தது. அதைச் செய்த பஞ்சு காலப்போக்கில் இற்று உதிர்ந்துபோகும் பொருள். பழைய கருவிகளில் எஞ்சுவது பெரும்பாலும் அந்த இரண்டு துளைகள் மட்டுமே. அவற்றைப் பழுது என்று எண்ணி அடைத்துவிடாமல் இருப்பது நல்லது.