பதுளைக் கச்சேரி

மயிலாப்பூர்க் கச்சேரி சாலைக்குப் பெயர் தந்தது பாட்டல்ல, அரசு அலுவல். இந்துஸ்தானியின் ‘கச்சஹரி’ நீதிமன்றத்தையும் அலுவலகத்தையும் குறித்தது. தமிழ்நாட்டில் அந்தச் சொல் நாளடைவில் இசையரங்கின் சொத்தாகிவிட்டது. இலங்கையில் பழைய பொருளே நிலைத்தது, சிங்களத்திலும் ‘கச்சேரிய’தான். 1796இல் கரையோரத்தைப் பிடித்த கம்பெனி ஆட்சி, சென்னையின் அதிகாரிகளோடு அவர்களுடைய அலுவலகச் சொற்களையும் கப்பலேற்றியது.

பதுளையைச் சுற்றிய ஊவாவில் ஆங்கிலேய ஆட்சி இரத்தம் பார்த்துத்தான் வேரூன்றியது. 1815இல் கண்டி இராச்சியம் கைமாறியபின் பதுளையில் அமர்ந்த ஆங்கிலேய அதிகாரி சில்வெஸ்டர் டக்ளஸ் வில்சன், 1817இல் வெல்லஸ்ஸப் பக்கம் கொல்லப்பட்டார். அங்கே மூண்ட கிளர்ச்சி நசுக்கப்பட்டது; 1818 நவம்பர்ப் பிரகடனம் திசாவைகள் என்ற கண்டியத் தலைவர்களின் அதிகாரத்தை வெட்டி, அரசாங்க ஏஜண்டுகளின் கையை ஓங்கச் செய்தது. 1886இல் ஊவா தனி மாகாணமானது. வரி, காணி, தெரு என்று எதுவானாலும் முடிவு பதுளைக் கச்சேரியில்.

சிங்களக் கிராமத்துக்குக் கச்சேரியை விடப் பக்கத்தில் ஒன்று இருந்தது. 1871இன் கிராம சமூகங்கள் கட்டளைச் சட்டம் பழைய ‘கம்சபா’ என்ற கிராமச் சபைக்கு மறுபடி உயிர் கொடுத்தது. பசறையிலும் அப்புத்தளையிலும் தோட்ட லயங்களில் இருந்த தொழிலாளருக்கு அது எட்டவில்லை. பீலியில் தண்ணீர் வராவிட்டாலும், லயத்துக் கூரை ஒழுகினாலும் தோட்டத் துரையிடம்தான் போய் நிற்க வேண்டும். 1930களில் கிராமச் சங்கங்களின் வாக்குரிமை விரிந்தபோதும் தோட்டத் தொழிலாளர் வெளியேதான் நிறுத்தப்பட்டார்கள். துரைக்கு மேலே யாரென்று கேட்டால் கச்சேரி, நடுவில் எவருமில்லை. ஒரு சொல்லுக்கு அத்தனை கனம் வந்தது இப்படித்தான் என்று நினைக்கிறேன்.

1987இன் பிரதேச சபைச் சட்டமும் பழைய வேலியை முழுதாகப் பிடுங்கவில்லை. வேட்பாளர் லயத்துக்கு வந்து வாக்குக் கேட்கலாம். வென்று சபைக்குப் போனபின் அதே லயத்துப் பாதைக்குச் சபைப் பணத்தைச் செலவிட அச்சட்டத்தின் 33ஆம் பிரிவு குறுக்கே நிற்கும். கேலிக்கூத்துதான், வேறென்ன சொல்ல! அது திருத்தப்பட 2018 ஆயிற்று.

இதற்கிடையில் 1992இல் கச்சேரியின் தலைவரான அரசாங்க அதிபரின் அதிகாரங்கள் பெரும்பாலும் பிரதேச செயலாளர்களுக்குப் போயின. கச்சேரியின் பெயர்ப்பலகை ‘மாவட்டச் செயலகம்’ என்கிறது. பேச்சில் இன்னும் கச்சேரிதான். தோட்டத்துப் பாதையைப் போட இன்று பிரதேச சபைக்குச் சட்டத் தடையில்லை. ஆனால் பாதை ஓடும் நிலம் பெரும்பாலும் பெருந்தோட்டக் கம்பெனிகளின் நீண்ட குத்தகையில் இருக்கிறது.