ஆண் மார்பகப் பெருக்க அறுவைச் சிகிச்சை

ஆண் மார்பகப் பெருக்க அறுவைச் சிகிச்சை என்பது, ஆண்களின் மார்பில் மிகுதியாக வளர்ந்துள்ள சுரப்பித் திசுவையும், அதனுடன் சேர்ந்த கொழுப்பையும், தேவைப்படின் தொங்கும் தோலையும் நீக்கி மார்பைச் சீராக்கும் மருத்துவ முறையாகும். ஆண்களுக்கு மார்பகச் சுரப்பி பெருக்கும் நிலை மருத்துவத்தில் கைனகோமாஸ்டியா என்று அழைக்கப்படுகிறது. கிரேக்க மொழியில் 'கைனே' என்பது பெண்ணையும் 'மாஸ்டோஸ்' என்பது மார்பகத்தையும் குறிக்கும். இந்நிலை பெரும்பாலும் உடலுக்குத் தீங்கற்றது. எல்லோருக்கும் அறுவை தேவைப்படுவதில்லை. அறுவை வேண்டுமா, எந்த முறை பொருந்தும் என்பவை பெருக்கத்தின் காரணம், அதன் வயது, அதில் சுரப்பி, கொழுப்பு, தோல் ஆகியவை எந்த அளவில் உள்ளன என்பவற்றைப் பொறுத்தவை.

காரணங்கள்

ஆண் உடலில் ஆண்ட்ரோசன், ஈஸ்ட்ரோசன் ஆகிய இருவகை இயக்குநீர்களும் சுரக்கின்றன. இவற்றின் சமநிலை ஈஸ்ட்ரோசன் பக்கம் சாயும்போது மார்பகச் சுரப்பி வளர்கிறது. பிறந்த குழந்தைகள், பருவமடையும் சிறுவர்கள், முதியவர்கள் ஆகிய மூன்று பிரிவினருக்கு இது இயற்கையாகவே ஏற்படலாம். பருவ வயதில் தோன்றும் பெருக்கம் பெரும்பாலானோருக்கு ஆறு மாதம் முதல் இரண்டு ஆண்டுகளுக்குள் தானாகவே மறைந்துவிடும்.

கல்லீரல் இழைநார் வளர்ச்சி, நாட்பட்ட சிறுநீரகச் செயலிழப்பு, மிகை தைராய்டு, விரைப் புற்றுநோய், கிளைன்ஃபெல்டர் நோய்க்கூட்டறிகுறி ஆகியவை பிற காரணங்களாகும். ஸ்பைரனோலாக்டோன், கீட்டோகொனசோல், சிமெட்டிடின், ரிஸ்பெரிடோன், ஃபினாஸ்டிரைடு முதலிய மருந்துகளாலும், உடற்பயிற்சிக் கூடங்களில் சிலர் தாமாகவே போட்டுக்கொள்ளும் அனபாலிக் ஸ்டீராய்டுகளாலும் இது உண்டாகலாம்.

உடல் பருமனால் மார்பில் கொழுப்பு மட்டும் சேர்வது போலி மார்பகப் பெருக்கம் எனப்படும். காம்பின் அடியில் விரல்களால் பிடித்துப் பார்க்கும்போது, வட்டத் தட்டுப் போன்ற உறுதியான திசு தட்டுப்பட்டால் அது சுரப்பி; மென்மையாக மட்டும் இருந்தால் அது கொழுப்பு. பலருக்கு இவ்விரண்டும் கலந்தே காணப்படும்.

அறுவைக்கு முன் செய்ய வேண்டியவை

மருத்துவர் முதலில் நோயாளி உட்கொள்ளும் மருந்துகளைக் கேட்டறிந்து, மார்பையும் விரைகளையும் சோதிப்பார். தேவைக்கேற்பக் கல்லீரல், சிறுநீரகம், தைராய்டு, இயக்குநீர்கள் ஆகியவற்றுக்கான இரத்தச் சோதனைகளும், மீயொலிச் சோதனையும் செய்யப்படும். காரணம் கண்டறியப்படாமல் மார்பை மட்டும் அறுத்தால், அடியில் உள்ள நோய் மறைந்து வளரக்கூடும். பெருக்கமும் மீண்டும் வரலாம்.

ஒரு பக்கத்தில் மட்டும், காம்புக்கு நேராக அல்லாமல் விலகி அமைந்த கடினமான கட்டி, காம்பிலிருந்து இரத்தக் கசிவு, தோல் உள்ளிழுக்கப்படுதல், அக்குளில் கட்டி ஆகியவை புற்றுநோயின் அறிகுறிகளாக இருக்கலாம். மார்பகப் புற்றுநோயாளிகளில் ஏறத்தாழ 1 விழுக்காட்டினர் ஆண்கள். இவ்வறிகுறிகள் இருப்பின் காலந்தாழ்த்தாது மருத்துவரை அணுக வேண்டும்.

தொடக்க நிலையில், வலியுடன் கூடிய பெருக்கத்திற்குத் தமாக்சிஃபென் போன்ற மருந்துகள் சிலருக்குப் பயனளிக்கின்றன. ஓராண்டுக்கு மேல் நீடித்தால் சுரப்பித் திசு நார்த்தன்மை அடைந்துவிடுவதால், மருந்துகளால் அது பெரும்பாலும் கரைவதில்லை. அந்நிலையில்தான் அறுவை முதன்மைத் தெரிவாகிறது.

வரலாறு

கி.பி. 7-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த கிரேக்க மருத்துவர் ஏஜினாவின் பவுலஸ் இவ்வறுவையை விவரித்துள்ளார். மார்பின் கீழே பிறை வடிவில் கீறிக் கொழுப்பை அகற்றித் தைப்பது அவரது முறை. மார்பு பெரிதாகித் தொங்கினால், முனைகள் சேரும் இரண்டு பிறைகளாகக் கீறி, இடைப்பட்ட தோலையும் நீக்க வேண்டும் என்று அவர் குறிப்பிட்டார். தோல் மிகுதியாக உள்ளதா என்று பார்த்து முறையைத் தெரிவு செய்வது இன்றும் தொடர்கிறது.

1946-இல் அமெரிக்க அறுவை மருத்துவர் செரோம் வெப்ஸ்டர், காம்பைச் சுற்றியுள்ள கருவட்டத்தின் ஓரத்தில் அரைவட்டமாகக் கீறும் முறையை விளக்கினார். கருவட்டமும் தோலும் சேரும் கோட்டில் தழும்பு மறைந்துவிடுவதால் இம்முறை பரவலானது. 1970-களின் இறுதியில் பிரான்சில் இல்லூசு வளர்த்தெடுத்த கொழுப்புறிஞ்சல் முறை பின்னர் இச்சிகிச்சையிலும் புகுந்தது.

படிநிலைகள்

1973-இல் சைமனும் அவருடைய குழுவினரும் வகுத்த படிநிலைகள் இன்றும் பயன்பாட்டில் உள்ளன.

முதல் நிலை: சிறிய பெருக்கம், மிகுதியான தோல் இல்லை.
இரண்டாம் நிலை அ: நடுத்தரப் பெருக்கம்; மிகுதியான தோல் இல்லை.
இரண்டாம் நிலை ஆ: நடுத்தரப் பெருக்கம், சிறிதளவு மிகுதியான தோல் உண்டு.
மூன்றாம் நிலை: பெரிய பெருக்கம், மிகுதியான தோல் தொங்கும்.

அறுவை முறைகள்

சுரப்பி நீக்கம்: கருவட்டத்தின் கீழ் ஓரத்தில் கீறி, சுரப்பித் திசு நேரடியாக வெட்டி எடுக்கப்படுகிறது. காம்பின் அடியில் ஏறத்தாழ 1 செ.மீ. தடிப்புள்ள திசு விடப்படும். முழுவதையும் எடுத்துவிட்டால் காம்பு தட்டுப்போல உட்குழிந்துவிடும். எடுத்த திசுவை நோயியல் ஆய்வுக்கு அனுப்ப முடிவது இம்முறையின் நன்மையாகும்.

கொழுப்புறிஞ்சல்: உப்புநீருடன் லிடோகெயினும் அட்ரினலினும் கலந்த கரைசல் தோலின் கீழ் செலுத்தப்படுகிறது. பின்னர் சில மில்லிமீட்டர் துளை வழியே மெல்லிய குழாயை நுழைத்துக் கொழுப்பு உறிஞ்சப்படுகிறது. கொழுப்பு மிகுந்தோர்க்கு இது ஏற்றது. ஆனால் உறுதியான சுரப்பித் திசுவை இதனால் முழுமையாக எடுக்க இயலாது.

இணைந்த முறை: முதலில் கொழுப்பை உறிஞ்சி, பின்னர் சுரப்பியை வெட்டி எடுப்பது. கலப்பு வகைப் பெருக்கத்திற்கு இதுவே பெரிதும் கையாளப்படுகிறது.

தோல் நீக்கம்: மூன்றாம் நிலையிலும், பெருமளவு உடல் எடை குறைந்தோரிடமும், கருவட்டத்தைச் சுற்றி வளையமாகவோ நீள்வட்டமாகவோ தோலும் அகற்றப்படுகிறது. சிலருக்குக் காம்பைத் தனியே எடுத்து உரிய இடத்தில் ஒட்டுத்தோலாகப் பொருத்த நேரிடும். இதில் தழும்பு பெரிதாக இருக்கும். காம்பின் உணர்ச்சியும் குறையும்.

அறுவைக்குப் பின்

பொதுவாக நான்கு முதல் ஆறு வாரங்கள் அழுத்த உடை அணியுமாறும், பளு தூக்குவதைத் தவிர்க்குமாறும் அறிவுறுத்தப்படுகிறது. இரத்தக் கட்டு, நிணநீர் தேங்குதல், தொற்று, உணர்ச்சிக் குறைவு, இரு பக்கங்களும் ஒத்திராமை, காம்பு உட்குழிதல் ஆகியவை ஏற்படக்கூடிய சிக்கல்களாகும். காம்பின் தோல் இறந்துபோதல் அரிதாக நிகழலாம். காரணமான மருந்தோ ஸ்டீராய்டோ தொடர்ந்தால் பெருக்கம் மீண்டும் வரலாம்.

பெரம்பலூர், அரியலூர் பகுதிகளில்

பெரம்பலூர் மாவட்டம் 1995-இல் திருச்சிராப்பள்ளி மாவட்டத்திலிருந்து உருவானது. அதிலிருந்து 2001-இல் பிரிந்த அரியலூர், 2002-இல் மீண்டும் அதனுடன் இணைக்கப்பட்டு, 2007 நவம்பர் 23 அன்று மறுபடியும் தனி மாவட்டமானது. உயர்சிகிச்சைக்கு இப்பகுதி மக்கள் நெடுங்காலமாகத் திருச்சிராப்பள்ளியையும் தஞ்சாவூரையும் நாடி வந்துள்ளனர். பெரம்பலூரில் மாவட்ட அரசு தலைமை மருத்துவமனையும் ஒரு தனியார் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும் உள்ளன. அரியலூர் அரசு மருத்துவக் கல்லூரி 2022 சனவரி 12 அன்று திறந்து வைக்கப்பட்டது.

சுரப்பி நீக்கம் பொது அறுவை மருத்துவர்களும் செய்யும் சிகிச்சையாகும். கொழுப்புறிஞ்சலும் தோல் நீக்கமும் தேவைப்படுவோர் நெகிழ்வு அறுவை மருத்துவரை அணுகுவது நல்லது. சென்னை இராசீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனை, ஸ்டான்லி மருத்துவமனை, மதுரை அரசு இராசாசி மருத்துவமனை ஆகியவற்றில் நெகிழ்வு அறுவைத் துறைகள் உள்ளன. இந்தியாவில் இத்துறைக்குரிய பட்டம் எம்.சிஎச். அல்லது அதற்கு இணையான தேசியத் தேர்வு வாரியப் பட்டமாகும். மருத்துவரின் பதிவைத் தமிழ்நாடு மருத்துவ மன்றத்தின் பதிவேட்டில் சரிபார்க்கலாம். அழகுக்காக மட்டும் செய்யப்படும் அறுவைகளுக்குக் காப்பீடு பொதுவாகக் கிடைப்பதில்லை என்பதால், செலவை முன்கூட்டியே கேட்டறிய வேண்டும்.

சமூகப் பார்வை

கிணற்றில் குளிக்கவும், கபடி ஆடவும், மேலாடையின்றிக் கோயிலுக்குள் செல்லவும் தயங்கும் இளைஞர்கள் பலர் இந்நிலையைப் பெற்றோரிடம் கூடச் சொல்வதில்லை. பள்ளியில் கேலிக்கு உள்ளாவதும் உண்டு. படைத்துறை ஆள்சேர்ப்பின் மருத்துவத் தேர்வில் தகுதி மறுக்கப்படும் காரணங்களுள் இதுவும் ஒன்று என்பதால், சிலர் தேர்வு நெருங்கும்போது அவசரமாக அறுவையை நாடுகின்றனர். புண் ஆறவும் வீக்கம் வடியவும் பல வாரங்கள் தேவைப்படும் என்பதால், இவ்வாறு கடைசி நேரத்தில் செய்துகொள்வது பயன் தருவதில்லை. பருவ வயதினர் வெட்கப்பட்டு மறைப்பதோ உடனே அறுவைக்கு விரைவதோ தேவையில்லை. ஒரு முறை மருத்துவரிடம் காட்டி, நோய் எதுவும் இல்லை என்று உறுதி செய்துகொண்டு, காத்திருப்பதே பெரும்பாலோருக்குப் போதுமானதாகும்.