வானதூதரின் காலடியில் கிடக்கும் விலங்கு

கல்லலைச் சுற்றியுள்ள சிற்றூர் ஒன்றில், மிக்கேல் அதிதூதர் திருவிழாவுக்கு முந்திய ஞாயிறன்று மறைக்கல்வி வகுப்பு நடத்திக்கொண்டிருந்தேன். பீடத்தின் வலப்புறம் அதிதூதரின் சுரூபம். கையில் ஈட்டி, காலடியில் சிறகு முளைத்த பாம்புருவம். ஏழாம் வகுப்புப் படிக்கும் சிறுமி ஒருத்தி எழுந்து, "சாமி, அந்த டிராகன் என்ன பண்ணுச்சு? அதப் போயி ஏன் குத்துறாரு?" என்று கேட்டாள். பிள்ளைகள் சிரித்தார்கள். "அது டிராகன் இல்லை, சாத்தான். கண்ட கதைப் புத்தகங்களையும் படித்தால் இப்படித்தான் கேட்கத் தோன்றும்" என்று சொல்லி அவளை அமரச் செய்தேன். அடுத்த இரு ஞாயிறுகளில் அவள் வரவில்லை.

மூன்றாம் வாரம் அவளுடைய தாயார் தடித்த நூல் ஒன்றுடன் பங்கு இல்லத்திற்கு வந்தார். "இதத்தான் படிக்கிறா சாமி. தப்பா இருந்தா நீங்களே சொல்லுங்க, நிறுத்திடுறேன்" என்றார். கிறிஸ்டோபர் பாவோலினி என்னும் அமெரிக்க இளைஞர் எழுதிய 'எரகான்' அது. பதினைந்து வயதில் எழுதத் தொடங்கிய கதை. 2003-ல் பெரிய பதிப்பகம் ஒன்றின் வழியாக உலகெங்கும் பரவியது. உழவர் வீட்டுச் சிறுவன் ஒருவன் மலைக்காட்டில் நீலக்கல் ஒன்றைக் கண்டெடுக்கிறான். கல்லன்று, முட்டை. அதிலிருந்து வெளிவரும் சபீரா என்னும் பெண் டிராகன் அவனுக்குத் தோழியாகவும் ஊர்தியாகவும் ஆகிறது. படிப்பவர்கள் டிராகன் மீது இரக்கம் கொள்ளாமல் வேறென்ன செய்வார்கள்?

உண்மையைச் சொல்வதானால், நூல் தேவைக்கு மேல் நீளம். முன்னோடிகளிடம் வாங்கிய கடனும் மிகுதி. எனினும் ஒரு செய்தி என்னைக் கட்டிப்போட்டது. அக்கதையில் மந்திரம் ஒரு பழைய மொழியில்தான் செய்யப்படுகிறது. அம்மொழியில் பொய் சொல்ல இயலாது. ஒரு பொருளின் மெய்ப்பெயரை அறிந்தவனுக்கே அதன்மீது ஆற்றல் கிட்டும். அதற்கும் அவன் தன் உடல் வலிமையை விலையாகத் தர வேண்டும். விலங்குகளுக்கு ஆதாம் பெயரிட்ட காட்சியைப் பலமுறை மறையுரையில் விளக்கியவன் நான். ஒரு சிறுவர் கதையில் அதன் நிழலைக் காண்பேன் என்று நினைத்ததில்லை.

அதன்பின் டிராகனின் வரலாற்றைத் தேடத் தொடங்கினேன். கிரேக்கத்தில் 'திராக்கோன்' என்பதற்குக் கூர்ந்து பார்ப்பது என்னும் வேர்ப்பொருள் கூறுவர். எபிரேயத்தில் 'தன்னீன்'. குருத்துவக் கல்லூரியில் தேர்வுக்காக மனனம் செய்த சொல். அன்று அதில் வியப்பதற்கு ஒன்றும் தென்படவில்லை. இன்று பார்த்தால், தொடக்க நூலின் முதல் அதிகாரத்தில் கடவுள் படைத்து நல்லதெனக் கண்டவற்றுள் 'தன்னீன்'களும் உண்டு. விடுதலைப் பயணத்தில் ஆரோனின் கோல் பார்வோன் முன் 'தன்னீன்' ஆகிறது. கிரேக்கப் பெயர்ப்பு அவ்விடத்தில் 'திராக்கோன்' என்றே எழுதுகிறது. எகிப்திய மந்திரவாதிகளும் தங்கள் கோல்களை அவ்வாறே மாற்ற, ஆரோனின் கோல் அவற்றை விழுங்கிவிடுகிறது. டிராகனும் மந்திரமும் கலந்த கதை இளையோர் கைக்கு எட்டுவது இதுவா முதல் தடவை?

நம் மொழிபெயர்ப்பாளர்களின் நிலை எளிதன்று. தமிழருக்குப் பாம்பு வெறும் பகை அன்று. புற்றுக்குப் பால் வார்க்கும் நாடு இது. திருமாலுக்குப் பாம்பே படுக்கை. யானையையும் வெல்லும் யாளி சங்கப் பாடல்களில் உலவுகிறது; செட்டிநாட்டுக் கோயில் மண்டபத் தூண்களில் அதுவே காவல் நிற்கிறது. இத்தகைய நாட்டில், திருவெளிப்பாடு 12-ஆம் அதிகாரத்தில் நிறைமாதப் பெண்ணின் முன் நின்று அவள் குழந்தையை விழுங்கக் காத்திருக்கும் அவ்விலங்கை எப்படிச் சொல்வது? சீர்திருத்தச் சபையார் 'வலுசர்ப்பம்' என்றனர். வலிமையை மட்டும் சொல்லும் சொல் அது. நன்மை தீமையைக் கதைக்கே விட்டுவிடுகிறது. 1995-ல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பான திருவிவிலியம் 'அரக்கப் பாம்பு' என்றது. அயலார் வணங்கும் நாகத்தை இழிவுபடுத்தாமல், அரக்கத்தன்மை கொண்ட இந்த ஒன்றையே பிரித்துக் காட்டும் நல்லெண்ணம் அதில் இருப்பதாக நான் கருதுகிறேன். ஆனால் தீர்ப்பு பெயரிலேயே எழுதப்பட்டுவிட்டது. என் மாணவி கேட்ட கேள்வி அச்சொல்லில் எழ வழியில்லை.

புனிதர் வரலாறுகளில் அவ்வாறில்லை. பதின்மூன்றாம் நூற்றாண்டில் தொமினிக்கன் துறவி வொராஜினே யாக்கோபு தொகுத்த 'பொற்காவியம்' ஐரோப்பாவின் வீடுதோறும் படிக்கப்பட்ட நூல். அதில் வரும் புனித ஜார்ஜியாரின் கதையை நாம் பாதியே அறிவோம். லிபியாவின் சிலேனே நகருக்கு அருகே ஏரியில் வாழும் டிராகனுக்கு நாள்தோறும் ஆடுகளைத் தந்த மக்கள், ஆடு குறைந்தபின் சீட்டுக் குலுக்கிப் பிள்ளைகளைத் தந்தார்கள். அரசன் மகளின் முறை வந்தபோது ஜார்ஜியார் வந்து அதைக் காயப்படுத்துகிறார், கொல்லவில்லை. இளவரசியின் இடைக்கச்சை அதன் கழுத்தில் கட்டச் சொல்கிறார். சாதுவான நாய்போல் அது அவள் பின்னே ஊருக்குள் வருகிறது. ஊரார் அலறுகிறார்கள். அவர்கள் திருமுழுக்குப் பெற இசைந்தபிறகே அது வெட்டப்படுகிறது. பிரான்சு நாட்டின் தாராஸ்கோன் ஊரில் புனித மார்த்தா 'தாராஸ்க்' என்னும் விலங்கைத் தீர்த்தம் தெளித்து அடக்கி, தம் கச்சையால் கட்டி நிறுத்தினார் என்பதும் அந்நூல் தரும் கதையே. அதைக் கொன்றவர்கள் ஊர் மக்கள். இன்றும் அவ்வூர்த் திருவிழாவில் அவ்விலங்கின் உருவமே ஊர்வலம் போகிறது. இவை வரலாறு அல்ல, புனைவு. ஆயினும் புனைந்தவர்கள் நம்மவர்கள்; அடங்கி நிற்கும் டிராகனையும் ஒரு கணம் அவர்கள் கண்டிருக்கிறார்கள்.

இக்கதைகள் மீண்டும் இளையோர் கைக்கு நாவலாக வந்ததில் ஒரு பங்குக்குருவுக்கும் பங்குண்டு. 1900-ல் கத்தோலிக்க மறையைத் தழுவியதற்காக உறவினரின் உதவியை இழந்த மேபல் டோல்கின் என்னும் கைம்பெண், 1904-ல் நீரிழிவால் இறந்தார். பன்னிரண்டு வயது மூத்த மகனையும் அவன் தம்பியையும் பர்மிங்காம் ஆரட்டரியின் அருள்பணி பிரான்சிஸ் மார்கன் பொறுப்பேற்றார். சொந்தப் பணத்தையும் அவர்களுக்குச் செலவிட்டார். மூத்தவர்தாம் 1937-ல் 'ஹாபிட்' எழுதிய ஜே. ஆர். ஆர். டோல்கின். மார்கன் 1935-லேயே இறந்துவிட்டார். அந்நூலை அவர் காணவில்லை. அதில் வரும் ஸ்மாக் என்னும் டிராகன் மலைக்குள் பொற்குவியலின் மேல் படுத்திருக்கிறது. டிராகன் இறந்தபின்பும் பொன்மீது கொண்ட பேராசை இறப்பதில்லை. அதை மீட்க வந்தவர்களையே பிடித்துக்கொள்கிறது. பூதம் காத்த புதையலையும், நாகம் காக்கும் நிலவறையையும் பாட்டியிடம் கேட்டு வளர்ந்த செட்டிநாட்டுப் பிள்ளைக்கு இதில் அந்நியம் ஏது? பூட்டிக் கிடக்கும் பெரிய வீடுகளின் தெருவில் நடக்கும்போது நானே சில வேளை ஸ்மாக்கை நினைத்துக்கொள்வதுண்டு.

டோல்கின் தேவதைக் கதைகளைப் பற்றி எழுதிய கட்டுரை நூலில் அச்சேறியது 1947-ல். எல்லாம் முடிந்தது என்ற நிலையில் சட்டெனத் திரும்பும் நன்முடிவே அத்தகைய கதையின் உயிர் என்றும், உயிர்ப்பே மனித வரலாற்றில் அத்தகைய திருப்பம் என்றும் அதில் வாதிட்டார். அதே 1947-ல்தான் சென்னையில் 'அம்புலிமாமா' தொடங்கிற்று. அது நின்றுபோயிற்று, அதன் மந்திரவாதிகள் என் தலைமுறையின் நினைவில் நிற்கிறார்கள். மாயமும் சாகசமும் நிறைந்த கதைகளால் எங்களை உறங்கவிடாது செய்த வாண்டுமாமா (1925–2014) பிறந்தது தொலைவில் அல்ல, அரிமளத்தில். குழந்தைக் கவிஞர் அழ. வள்ளியப்பா (1922–1989) இராயவரத்துக்காரர். சிறுவர்க்கு எழுதுவதைச் சிறு வேலையாகக் கருதாத மண் இது. 'கோகுலம்', 'பூந்தளிர்' இதழ்களை ஞானோபதேசப் புத்தகத்துக்குள் ஒளித்து வைத்துப் படித்த நான், குருவானபின் ஒரு சிறுமியைக் 'கண்ட கதைப் புத்தகம்' என்று கடிந்தேன்.

திருச்சபை இதில் ஒரே குரலில் பேசியதாகவும் கூற இயலாது. ஹாரி பாட்டர் கதைகள் பரவிய காலத்தில், 2003-ல், வத்திக்கான் செய்தியாளர் கூட்டமொன்றில் அருள்பணி பீட்டர் பிளீட்வுட் அவற்றில் தீங்கு காணவில்லை என்றார். அதே ஆண்டு கர்தினால் இராட்சிங்கர் தனிக் கடிதமொன்றில், அவை இளம் உள்ளங்களைக் கவனிக்கப்படாமலே ஈர்த்துவிடக்கூடும் என்று கவலை தெரிவித்தார். அக்கவலையை நான் புறக்கணிக்கவில்லை. பில்லி, சூனியம் என்று அஞ்சி என்னிடம் வரும் வீடுகளை அறிவேன். அங்கு மந்திரம் கதையன்று. கடனும் பகையும் ஆகும். ஆனால் அவ்வீடுகள் எவற்றிலும் டிராகன் கதையால் அச்சம் புகுந்ததாக நான் கண்டதில்லை.

நூலைத் திருப்பித் தரும்போது, தானியேல் நூலின் கிரேக்க இணைப்பில் வரும் அரக்கப்பாம்புக் கதையைப் படித்து வருமாறு சிறுமியிடம் சொன்னேன். பாபிலோனியர் வணங்கிவந்த அவ்விலங்கை வாளோ தடியோ இன்றிக் கொல்வதாக தானியேல் அரசனிடம் சொல்கிறார். கீல், கொழுப்பு, முடி மூன்றையும் சேர்த்துக் காய்ச்சி உருண்டைகளாக்கி ஊட்ட, அது வெடித்துச் சாகிறது. சினந்த மக்கள் தானியேலைச் சிங்கக் குகையில் எறிய, யூதேயாவில் கூழ் சமைத்துக்கொண்டிருந்த அபக்கூக்கை வானதூதர் தலைமுடியைப் பற்றித் தூக்கிவந்து அவருக்கு உணவளிக்கச் செய்கிறார்.

அடுத்த ஞாயிறு அவள் முன்வரிசையில் இருந்தாள். கதையை ஒரு சொல் விடாமல் ஒப்புவித்தாள்; அபக்கூக்கு வானில் பறந்த இடத்தில் வகுப்பே ஆரவாரித்தது. முடித்துவிட்டு உட்காராமல் நின்றாள்.

"ஆனா சாமி, அதக் கும்புட்டு, சோறு போட்டு வளத்தது அந்த ஊர்க்காரங்கதானே? அவங்கள யாரும் ஒண்ணும் கேக்கலையே."

இம்முறை நான் அவளை உட்காரச் சொல்லவில்லை.