நெகடிவ் யார் கையில்?

கல்யாண ஆல்பம் நம் வீட்டில், நெகடிவ் ஸ்டூடியோக்காரர் பீரோவில். பிலிம் காலத்தில் எங்கள் பாளையம்பட்டி, அருப்புக்கோட்டைப் பக்கமெல்லாம் இதுதான் வழக்கம். இன்னொரு பிரிண்ட் வேண்டுமென்றால் அவரிடமே போகணும். ஒரு தடவை எடுத்த படத்துக்குப் பல தடவை காசு!

ஆனால் சட்டம் என்ன சொல்கிறது? பி.காம் படிக்கிறவனாச்சே, புரட்டிப் பார்த்தேன். 1957 பதிப்புரிமைச் சட்டத்தின் 17-வது பிரிவுப்படி, காசு கொடுத்து எடுக்கச் சொன்ன படத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், எடுக்கச் சொன்னவரே முதல் உரிமையாளர். அதாவது கல்யாண வீட்டுக்காரர். இத்தனை காலம் ஸ்டூடியோவைக் காப்பாற்றியது சட்டமில்லை, அந்த நெகடிவ்தான்.

டிஜிட்டல் வந்தது, பீரோ காலி. முதலில் சிடி, அப்புறம் பென்டிரைவ் என்று மொத்தப் படமும் கைமாறியது. மறுபிரிண்ட் வருமானம் போச்சு. எடுத்த படத்தை இணையத்தில் மாதிரிக்குப் போடக்கூட வீட்டுக்காரர் சம்மதம் வேண்டும்.

நல்ல செய்தியும் உண்டு. யாரும் சொல்லாமல், சம்பளத்துக்கும் இல்லாமல், தானாக எடுத்த கரிசல்காட்டுப் படம் எடுத்தவருக்கே சொந்தம். 2003-ல் தொடங்கிய ஷட்டர்ஸ்டாக் மாதிரி தளங்களில் ஊரைவிட்டு நகராமலே அதை விற்கலாம். வெளியானதிலிருந்து 60 ஆண்டு என்றிருந்த உரிமை, 2012 திருத்தத்தால் எடுத்தவர் ஆயுளும் அதற்குமேல் 60 ஆண்டும் என்றானது.

கல்யாணப் படத்துக்கும் வழி இருக்கிறது நண்பர்களே. 'வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால்' என்றுதானே சட்டம் சொல்கிறது? அட்வான்ஸ் வாங்கும்போதே பேசி, இரண்டு வரி எழுதி, இருவரும் கையெழுத்துப் போட்டுக்கொள்ளலாம். நெகடிவ் இருந்த இடத்தில் இனி அந்தக் காகிதம்தான்.