ஷார்ட் ஸ்திரீட்டில் ஒன்பது சிறுமிகள்

சிங்கையின் பழைய பள்ளிகள் – தொடர்: அத்தியாயம் 6

சோஃபியா பிளாக்மோர் சிங்கப்பூரில் வந்து இறங்கியது 1887 ஜூலை 16, சனிக்கிழமை. வயது 29. மணமாகாதவர். சொந்த ஊர் ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் உள்ள கோல்பர்ன். இசபெல்லா லெனார்ட் என்ற அமெரிக்கப் பிரசங்கியாருடன் இந்தியாவுக்குப் போனவர், அங்கே மெதடிஸ்ட் சபையிடமிருந்து கிடைத்த அழைப்பை ஏற்று இங்கே கப்பலேறிவிட்டார். உறவு என்று சொல்லிக்கொள்ள இந்த ஊரில் ஒருவரும் இல்லை. இப்படி வந்தவரை நம்பி யார் தங்கள் மகளை அனுப்புவார்கள் என்று கேட்டுச் சென்ற வாரம் நிறுத்தியிருந்தேன்.

அனுப்பியவர்கள் தமிழர்கள்.

அவரைத் தேடிவந்து, எங்கள் பெண் பிள்ளைகளுக்கு ஒரு பள்ளிக்கூடம் வேண்டும் என்று கேட்டவர்கள் இங்கே தொழில் செய்துகொண்டிருந்த தமிழ் வணிகர்கள். கேட்டதோடு விடவில்லை. மேசை, நாற்காலி, பெஞ்சு எல்லாம் அவர்களே கொடுத்தார்கள். அவர் வந்து ஒரு மாதம்கூட முழுதாக முடியவில்லை. ஆகஸ்ட் 15, திங்கட்கிழமை, ஷார்ட் ஸ்திரீட்டில் ஒரு கடைவீட்டில் வகுப்பு தொடங்கிவிட்டது. பெயர், தமிழ்ப் பெண்கள் பள்ளி. மாணவிகள் ஒன்பது பேர். ஒன்பதும் இந்தியக் குழந்தைகள்.

பள்ளி வரலாறுகளில் இந்தச் செய்தி ஒரு வரியில் முடிந்துவிடும். எனக்கு அப்படிக் கடந்துபோக மனம் வரவில்லை. அன்றைய சிங்கப்பூரை நினைத்துப் பாருங்கள். நாகப்பட்டினத்திலிருந்து கப்பலேறி வந்த தமிழர்களில் ஆண்களே மிகுதி. கூலி வேலை, மாட்டு வண்டி, துறைமுகம், சிறு வியாபாரம். மனைவி மக்களை அழைத்துவந்து குடித்தனம் வைத்தவர்கள் கொஞ்சம் பேர்தான். சிராங்கூன் ரோட்டுப் பக்கம் சுண்ணாம்புக் காளவாய்களும் மாட்டுக் கொட்டில்களும் நிறைந்திருந்த காலம். அந்த வட்டாரத்தைச் சுண்ணாம்புக் கம்பம் என்றே நம்மவர்கள் சொன்னார்கள். பெண் பிள்ளைகளைத் தெருவில் தனியாக விடவே யோசிக்க வேண்டிய ஊர் அது. அங்கே வாழ்ந்த தகப்பன்மார், முந்தாநாள் வந்த ஒரு வெள்ளைக்காரப் பெண்ணிடம் போய், என் மகளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுங்கள் என்று கேட்டிருக்கிறார்கள்.

அந்த ஆண்டே அப்படி ஓர் ஆண்டு. ஜூன் 27 அன்றுதான் ‘சிங்கை நேசன்’ வார இதழ் முதல் முறையாக வெளிவந்தது. சி.கு. மகுதூம் சாயபு நடத்திய இதழ். அதுவும் திங்கட்கிழமைதான். பத்திரிகைக்கும் பள்ளிக்கும் இடையே சரியாக ஏழு வாரம். தமிழில் படிக்கவும் எழுதவும் விரும்பிய ஒரு கூட்டம் இந்தத் தீவில் அப்போது திரண்டுகொண்டிருந்தது. மகள்களுக்குப் பள்ளி கேட்ட குரலும் அந்தக் கூட்டத்திலிருந்து வந்ததுதான் என்பது என் கணிப்பு.

பையன்களுக்கான ஏற்பாடு முந்தைய ஆண்டே நடந்துவிட்டது. பெங்களூரில் பிறந்த மெதடிஸ்ட் மிஷனரி வில்லியம் ஓல்டம், 1886 மார்ச் 1 அன்று அமோய் ஸ்திரீட் கடைவீடு ஒன்றில் 13 பையன்களோடு ஆங்கிலோ-சீனப் பள்ளியைத் தொடங்கியிருந்தார். அதற்குச் சீன வணிகர்களின் ஆதரவு தாராளமாகக் கிடைத்தது. ஆனால் அந்த வீடுகளின் பெண் பிள்ளைகளைச் சேர்க்க பிளாக்மோர் வீடு வீடாக ஏறி இறங்கவேண்டியிருந்தது. கடைசியில் கிராஸ் ஸ்திரீட்டில் நோன்யா பூன் என்ற அம்மையார் தம் வீட்டிலேயே இடம் கொடுத்தார். 1888இல் அங்கே தொடங்கிய வகுப்புதான் இன்றைய ஃபேர்ஃபீல்ட் பள்ளி. அதன் கதை தனி அத்தியாயம்.

ஷார்ட் ஸ்திரீட்டுக்கே திரும்புவோம். செலிகி ரோட்டிலிருந்து பிரியும் சின்னத் தெரு, பெயருக்கேற்ற நீளம்தான். தேக்காவிலிருந்து நடந்தே போய்விடலாம். இன்றும் அங்கே தமிழ் மெதடிஸ்ட் தேவாலயம் இருக்கிறது. அன்றைய கடைவீடு என்றால் முன்னால் அஞ்சடி, உள்ளே குறுகலாக நீண்டு போகும் கூடம், நடுவில் வெளிச்சத்துக்கு ஒரு முற்றம். ஒன்பது பேர் உட்கார அது தாராளம். ஆனால் பள்ளி ஒன்பதோடு நிற்கவில்லை. யுரேஷியப் பிள்ளைகள், சீனப் பிள்ளைகள் என்று எல்லாரும் வரத் தொடங்கினார்கள். காலப்போக்கில் ‘தமிழ்’ பெயரிலிருந்து போய், மெதடிஸ்ட் பெண்கள் பள்ளி ஆனது. பின்னர் மவுண்ட் சோஃபியா குன்றுக்கு ஏறி, 1992இல் புக்கித் தீமா பக்கம் பிளாக்மோர் டிரைவுக்கு இடம் மாறியது. இன்று சிங்கப்பூரில் பெயர் பெற்ற பள்ளிகளில் ஒன்று. அதில் மகளைச் சேர்க்க ஆசைப்படும் தமிழ்ப் பெற்றோர் எத்தனையோ பேர். அது தங்கள் முன்னோர் கேட்டு வாங்கிய பள்ளி என்பதை அவர்கள் அறிந்திருக்க வேண்டும்.

வகுப்பு தொடங்குவது ஒரு வேலை. பிள்ளையை அதில் நிறுத்திவைப்பது வேறு வேலை. பெண் பெரியவளானால் படிப்பு நின்றுவிடும். வீட்டில் தம்பி பிறந்தால், அம்மாவுக்கு உடம்பு முடியாமல் போனால், ஊருக்குப் போகவேண்டி வந்தால் முதலில் நிற்பது அவள்தான். யாழ்ப்பாணத்தில் அமெரிக்க மிஷனரிகள் இதே சிக்கலுக்கு அறுபது ஆண்டுகளுக்கு முன்பே ஒரு வழி கண்டிருந்தார்கள். 1824இல் உடுவில் கிராமத்தில் ஹாரியட் வின்ஸ்லோ தொடங்கிய பெண்கள் பள்ளி, விடுதிப் பள்ளி. பிள்ளை அங்கேயே தங்கும், அங்கேயே உண்ணும், அங்கேயே படிக்கும். இத்தனைக்கும் அது வயலும் பனையும் சூழ்ந்த கிராமம்.

சிங்கப்பூரிலும் விடுதி வந்தது. 1890இல் சோஃபியா ரோட்டில் பிளாக்மோர் ஒரு வீடு திறந்தார். டீக்கனஸ் ஹோம் என்று பெயர். (சோஃபியா ரோடு இவர் பெயரால் வந்தது என்று நினைப்பவர்கள் உண்டு. குன்றுக்கு அந்தப் பெயர் இவர் பிறப்பதற்கு முன்பே இருந்தது.) மினியாபொலிஸிலிருந்து இந்தப் பணிக்குப் பணம் திரட்டிய மேரி நிண்ட் அம்மையாரின் நினைவாகப் பின்னாளில் அது நிண்ட் ஹோம் ஆயிற்று. பல இனப் பிள்ளைகள் ஒரே கூரையின் கீழ் தூங்கி எழுந்தார்கள். அவர்களுக்குள் பொதுவாக ஓடிய மொழி மலாய். பிளாக்மோரும் மலாய் கற்றுத் தேர்ந்தார். 1894இல் மிடில் ரோட்டில் அவரும் ஷெல்லபேர் என்ற மிஷனரியும் வளர்த்த மலாய் மொழிச் சபைதான், 1930இல் கம்போங் கபோரில் எழுந்த தேவாலயத்துக்கு மூலம். லிட்டில் இந்தியாவுக்குள் இன்றும் நிற்கும் கட்டடம் அது.

அந்த விடுதிக்கு வந்தவர்கள் யார்? வெளியூரிலிருந்து பெற்றோர் அனுப்பிவைத்த பிள்ளைகள் இருந்தார்கள். தாய் தகப்பன் இல்லாத குழந்தைகள் இருந்தார்கள். இன்னொரு வகையினரும் இருந்தார்கள். வறுமையில் பெற்றவர்களே விற்றுவிட, பணக்கார வீடுகளில் சம்பளமில்லாமல் வேலை செய்த சீனச் சிறுமிகள். முய் சாய் என்பார்கள். அவர்களுக்கென்று இங்கே ஒரு சட்டம் வந்தது 1932இல்தான். விடுதி திறந்தபோது அதற்கு இன்னும் 42 ஆண்டு பாக்கி.

அப்படி ஒரு சிறுமி உள்ளே தங்கிப் படித்துக்கொண்டிருக்க, அவளை விலை கொடுத்து வாங்கியவர் வாசலில் வந்து நின்றால்? கதவைத் திறப்பதா, மூடுவதா?

இத்தகைய வழக்குகளைக் கவனிக்க அரசாங்கத்தில் ஓர் அலுவலகம் இருந்தது. 1877இல் தொடங்கிய சீனர் காப்பகத் துறை. தலைவர் வில்லியம் பிக்கரிங். சீன மொழிகள் பேசத் தெரிந்த ஆங்கிலேயர். பெண்களையும் சிறுமிகளையும் காப்பதும் அந்தத் துறையின் பொறுப்பு.

பிளாக்மோர் இந்த ஊரில் கால்வைத்த மூன்றாம் நாள், 1887 ஜூலை 18, திங்கட்கிழமை. பிக்கரிங் அலுவலகத்தில் வேலையாக இருந்தார். ஒரு தச்சர் உள்ளே வந்தார். அவர் கையில் கோடரி இருந்தது.

(அடுத்த வாரம் தொடரும்)