20 தொன் சாமானும் ஒரு துணிச் சுருளும்



சாரணர் முகாம் என்றதும் வீட்டில் எழும் முதல் கேள்வி: "புள்ள எதுல படுக்கும்?" விலை கூடிய ஸ்லீப்பிங் பேக் வாங்க வசதியில்லை என்று பெயர் கொடுக்காமலே இருந்துவிடும் பிள்ளைகளும் உண்டு. அவர்களுக்காகவும் அவர்களின் பெற்றோருக்காகவும் இந்த வரலாறு.

1860 ஓகஸ்ட் 20ஆம் திகதி, அவுஸ்திரேலியாவைத் தெற்கிலிருந்து வடக்கே கடப்பதற்காக பேர்க், வில்ஸ் ஆகியோரின் குழு மெல்பேர்னிலிருந்து புறப்பட்டது. கொண்டுபோன சாமான் சுமார் 20 தொன். அதில் மேசை, கதிரையும் இருந்தன. தபால் வண்டி ஏறக்குறைய ஒரு கிழமையில் போகும் மெனிண்டி என்ற ஊரை அடைய இவர்களுக்கு ஏழு கிழமைக்கு மேல் எடுத்தது. பல சாமான்களை வழியிலேயே இறக்கிவிட நேர்ந்தது. பேர்க்கும் வில்ஸும் அடுத்த வருடம் பாலைவனத்தில் பட்டினியால் இறந்தார்கள்.

அந்தக் குழுவின் ஒட்டகங்களைப் பராமரித்தவர்களில் ஒருவர் தோஸ்த் முஹம்மது. அவருடைய கப்ர் மெனிண்டிப் பக்கம்தான் இருக்கிறது. அவருக்குப் பின் ஆப்கானிஸ்தானிலிருந்தும் இன்றைய பாகிஸ்தான் பகுதிகளிலிருந்தும் வந்த முஸ்லிம் ஒட்டகக்காரர்கள் பல வருடங்களாக அந்த நாட்டின் உட்பகுதிக்குச் சாமான் சுமந்தார்கள். 1888-89இல் அடிலெய்டில் அவர்கள் கட்டிய பள்ளிவாசலில் இன்றும் தொழுகை நடக்கிறது.

அதே மண்ணில் வேலை தேடி ஊர் ஊராக நடந்த ஏழைத் தொழிலாளிகளும் இருந்தார்கள். 1890களின் பொருளாதார நெருக்கடியில் இவர்கள் தொகை பெருகியது. இவர்களின் முழு வீடும் தோளில் தொங்கிய ஒரு சுருள்தான். அதன் பெயர் 'ஸ்வேக்'. உள்ளே கம்பளி, மாற்றுடுப்பு. வெளியே கன்வஸ் துணி. கட்ட ஒரு வார். உலகம் அறிந்த 'வோல்சிங் மடில்டா' பாட்டில் வரும் மடில்டா பெண்ணல்ல, இந்தச் சுருள்தான்!

கன்வஸ் ஏன்? பருத்தி நூல் நனைந்தால் ஊதி, நெசவின் துவாரங்களை அடைக்கும். காய்ந்தால் காற்றை விடும். பிளாஸ்டிக் விரிப்பைப் போல வியர்வையைத் தேக்கி வைக்காது.

நமது பிள்ளைக்கும் இதுவே போதும். 7 அடி நீளம், 6 அடி அகலத்தில் கெட்டியான பருத்திப் படங்கு. புதிதென்றால் ஒரு முறை நன்றாக நனைத்துக் காய வையுங்கள். தையல் துவாரங்கள் இறுகும். நடுவில் மடித்தால் பாதி கீழே, பாதி மேலே. இடையில் ஒரு பன் பாயும் போர்வையும். சுருட்டிக் கட்ட இரண்டு கயிறு. ஈரத்தோடு மட்டும் சுருட்டி வைக்காதீர்கள், பூஞ்சணம் பிடிக்கும். பிள்ளையே தூக்கிக்கொண்டு நடக்க முடிகிறதா என்று வீட்டிலேயே பாருங்கள். முடியாவிட்டால் சாமானைக் குறையுங்கள்.

நபி (ஸல்) அவர்களின் படுக்கை, பேரீச்ச நார் அடைத்த தோல்தான். எளிய படுக்கையில் வெட்கப்பட ஒன்றுமில்லை. வீட்டில் நல்ல படங்கொன்று சும்மா கிடந்தால், அயல் வீட்டுப் பிள்ளைக்குக் கொடுங்கள். படுக்கை இல்லை என்பதற்காக ஒரு பிள்ளையும் முகாமைத் தவறவிடக் கூடாது.