தூண்டிலுக்கு முன்னே போகிற தீனி



இன்றைக்குத் தவிட்டையும் பிண்ணாக்கையும் பற்றிப் பேசப் போகிறேன். மாட்டுக்கு வைக்கிற கதை இல்லை; மீனுக்குப் போடுகிற கதை. அதிலும் பாதிக்கு மேல் இங்கிலாந்து தேசத்துக் கதை. ‘எவனோ எங்கேயோ மீன் பிடிச்சா நமக்கென்ன’ என்று எழுந்து போய்விடாதீர்கள். சுற்றிச் சுற்றி அது உங்கள் ஊர்க் குளத்துக்குத்தான் வந்து சேரும்.

தூண்டில் முள்ளில் கோக்கிற புழு ஒரு மீனுக்கு. ஆனால் அந்த மீன் முதலில் அந்த இடத்துக்கு வரவேண்டுமே? அதற்காக முன்கூட்டியே தண்ணீரில் அள்ளிப் போடுகிற தீனி வேறு. ஆங்கிலத்தில் ‘கிரவுண்ட் பெயிட்’ என்பார்கள். அடித்தரையில் போய்க் கிடக்கிற தீனி என்று அர்த்தம். நாம் அதை முன்தீனி என்று வைத்துக்கொள்வோம்.

இங்கிலாந்தில் மீனிலும் உயர்வு தாழ்வு உண்டு. சால்மன், டிரவுட் இரண்டும் பெரிய மனிதர்களின் மீன். அவை ஓடுகிற ஓடைக்கரைகள் பெரும்பாலும் நிலச்சுவான்தார்களுக்குச் சொந்தம். பிரீம், ரோச், டென்ச், கெண்டை போன்ற மற்ற மீன்களுக்கெல்லாம் ‘கோர்ஸ் பிஷ்’ என்று ஒரே பெயர். முரட்டு மீன், சாதா மீன் என்று சொல்லலாம். இவற்றில் பெரும்பாலானவை நம்முடைய கெண்டை, ரோகு இவற்றுக்குச் சொந்தக்காரக் குடும்பம். சாமானிய ஜனங்கள் பிடித்ததும் இவற்றைத்தான். முன்தீனி என்கிற கலை வளர்ந்ததும் இவர்கள் கையில்தான்.

ஐசக் வால்டன் என்று ஒருவர். 1593-இல் பிறந்தவர். லண்டனில் துணி வியாபாரம் செய்தவர். 1653-இல் தூண்டில் மீன்பிடிப்பைப் பற்றி ஒரு புத்தகம் போட்டார். பெயர் ‘தி கம்ப்ளீட் ஆங்க்ளர்’. அதைத் திருத்தித் திருத்தி விரித்துக்கொண்டே இருந்தார். 1676-இல் ஐந்தாம் பதிப்பு வந்தது. அந்தப் புத்தகத்தில் பிரீம் மீனுக்கு ஒரு முன்தீனி சொல்லப்பட்டிருக்கிறது. நம்ம வீட்டுப் பெண்கள் கேட்டால் ‘இது நாங்க செய்யறதுதானே’ என்பார்கள்.

முளைகட்டின வாற்கோதுமை ஒரு பெக், அல்லது ஒன்றரைப் பெக். ஒரு பெக் என்பது சுமார் 9 லிட்டர். நாம் கேழ்வரகை முளைகட்டிக் காயவைப்போமே, அந்த மாதிரிதான். அதைக் கொரகொரப்பாக உடைத்து, ஒரு கொதி இரண்டு கொதி விட்டு, பையில் ஊற்றி வடிக்க வேண்டும். வடிந்த கஞ்சி குதிரைக்கு. அது தன் குதிரைக்கு நன்றாகவே ஒத்துக்கொண்டது என்றும் அதில் எழுதியிருக்கிறது. இங்கே நாம் அரிசி களைந்த தண்ணீரையும் வடிகஞ்சியையும் மாட்டுத் தொட்டியில் ஊற்றுவதில்லையா? வீணாக்குவது எந்தத் தேசத்திலும் குடியானவனுக்குப் பிடிக்காது.

முந்தின நாளே ஆற்றின் ஆழத்தை ஈயக் குண்டு கட்டிப் பார்த்து வைக்க வேண்டும். இரவு எட்டு ஒன்பது மணி சுமாருக்கு, ஆறிய மால்ட்டைக் கொண்டுபோய், இரண்டு கையாலும் இறுக்கிப் பிழிந்து உருண்டையாக்கிப் போட வேண்டும். தண்ணீர் வேகமாக ஓடினால், தூண்டில் போடப்போகிற இடத்துக்குக் கொஞ்சம் மேலே தள்ளிப் போட வேண்டும். கொண்டுபோனதில் மூன்றில் இரண்டு பங்குதான் ராத்திரிக்கு. மிச்சம் ஒரு பங்கு காலையில். விடியற்காலை மூன்று நான்கு மணிக்கு, நிழல் தெரியாமல், பூனை மாதிரி போய் உட்கார வேண்டும்.

இதில் ஒவ்வொரு படிக்கும் காரணம் உண்டு. இறுக்கிப் பிழியாவிட்டால் உருண்டை மேலேயே கரைந்து, தண்ணீரோடு போய்விடும். பிரீம் அடித்தரையைக் கிளறித் தின்கிற மீன். மேலே மிதப்பதால் அதற்கு லாபமில்லை. கொதிக்க வைத்தால் தானியம் ஊறி மெதுவாகி வாசனை விடும். கெண்டை இன மீன்களுக்குக் கண்ணைவிட வாசனையும் ருசியும்தான் வழிகாட்டி. வாய் ஓரத்து மீசையும் அதற்கு உதவுகிறது. முழுவதையும் ராத்திரியே கொட்டாததற்குக் காரணம் எல்லாவற்றையும் விட முக்கியம். கெண்டை இனத்துக்கு நம்மைப் போல் இரைப்பை கிடையாது. தொண்டையிலிருந்து நேரே குடல்தான். ஒரே வேளையில் வயிற்றை நிரப்பி வைத்துக்கொள்ள அதற்கு வசதி இல்லை. கொஞ்சம் கொஞ்சமாக மேய்ந்துகொண்டே இருக்கும். நிறையப் போட்டால் தின்றுவிட்டு ஒதுங்கும், மிச்சம் அழுகும். வால்டன் காலத்தில் இரைப்பை ஆராய்ச்சி பற்றி எந்தத் தூண்டில்காரர் கவலைப்பட்டார்? கரையில் உட்கார்ந்து பார்த்துப் பார்த்துத் தெரிந்துகொண்டதுதான்.

பிறகு ரயில் வந்தது. ஷெபீல்டு நகரத்தில் கத்தி, அரிவாள் அடிக்கிற தொழிலாளிகள் விடுமுறை நாளில் கூட்டம் கூட்டமாக ரயிலேறி, தொலைவில் உள்ள ஆறுகளுக்கு மீன் பிடிக்கப் போனார்கள். கூட்டம் கூடினதும் மீனுக்கு ஆபத்து. ஆகவே 1878-இல் சட்டம் போட்டு, மார்ச் 15 முதல் ஜூன் 15 வரை சாதா மீன்களைப் பிடிக்கக் கூடாது என்று ஆக்கினார்கள். அது முட்டையிடும் காலம்.

தொழிலாளி வீட்டில் மால்ட் ஏது? காய்ந்துபோன ரொட்டித் துண்டுதான் இருந்தது. அதை நன்றாக உலர்த்தி, பொடித்து, சல்லடையில் சலித்து, தவிடு கலந்தார்கள். செய்முறையில் ஒரு நுணுக்கம். மாவில் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளித்துப் பிசறி, கால் மணி நேரம் ஊறவிட்டு, மறுபடி சலிக்க வேண்டும். புட்டு மாவு பிசறுகிற பக்குவம். பிடித்தால் பிடிபட வேண்டும், உதிர்த்தால் உதிர வேண்டும். குளத்துக்கு லேசாகப் பிடித்த உருண்டை. ஓடுகிற ஆற்றுக்கு மண்ணையும் சேர்த்து இறுக்கிப் பிடித்த உருண்டை. வளை தோண்டும் பிராணிகள் வெளியே தள்ளிய பொலபொலப்பான மண்ணைக்கூட இதற்காக அள்ளி வருவார்கள்.

ஒரு கிராமக் கூட்டத்தில் இதைச் சொன்னபோது ஒரு பெரியவர், “ஏன் தம்பி, மனுசன் திங்கிறதைத் தண்ணியில கொட்டுறது பாவமில்லையா?” என்று கேட்டார். நியாயமான கேள்வி. “காஞ்ச ரொட்டியும் தவிடும்தானே ஐயா” என்றேன். அவர் விடவில்லை. “தவிடு எங்க ஊட்ல மாடு திங்கும்” என்றார். அவர் சொன்னதிலும் பிசகில்லை. மீன் கைக்கு வந்தால்தான் அந்தத் தவிட்டுக்குக் கணக்கு நேராகும்.

இதே மாவுருண்டைக்கு ஒரு கெட்ட அண்ணன் உண்டு. நம்ம மேற்கு மலைக் காடுகளில் படர்கிற கொடி, காக்காய்க்கொல்லி. அதன் விதையில் பிக்ரோடாக்சின் என்கிற கொடிய நஞ்சு இருக்கிறது. அந்த விதை மலையாளக் கரையிலிருந்து பல நூறு வருஷங்களுக்கு முன்பே கப்பலேறி ஐரோப்பா போனது. அங்கே பேன் மருந்துக்கு, பீரில் திருட்டுத்தனமாகப் போதை ஏற்ற, அப்புறம் மாவில் பிசைந்து மீனை மயக்க என்று பயன்பட்டது. தின்ற மீன் சுழன்று மேலே மிதக்கும். கையால் அள்ளலாம். ஆனால் முன்தீனி வேண்டிய மீனை மட்டும் கூப்பிடுகிறது. நஞ்சு குஞ்சையும் குளுவானையும் சேர்த்துக் கொல்கிறது. அந்த மீனைத் தின்கிறவனுக்கும் கேடு. நம் நாட்டில் 1897-இன் மீன்வளச் சட்டம், தண்ணீரில் நஞ்சு கலப்பதையும் வெடி போடுவதையும் குற்றமாக்கியது. இன்றைக்கும் கோடையில் குட்டை வற்றும்போது, நஞ்சுக் காயையோ பூச்சிமருந்தையோ கலக்கிற ஆள் ஊருக்கு ஒருவன் இருக்கிறான். அதே தண்ணீரைத்தான் அடுத்த நாள் ஆடு மாடு குடிக்கிறது.

முன்தீனி வெள்ளைக்காரன் கண்டுபிடித்தது என்று நினைக்க வேண்டாம். வால்டனுக்கு ஐந்நூறு வருஷம் முந்தியே, கல்யாணியிலிருந்து ஆண்ட மேலைச் சாளுக்கிய ராஜா மூன்றாம் சோமேசுவரன் ‘மானசோல்லாசம்’ என்று சமஸ்கிருதத்தில் எழுதிவைத்தான். அதில் ‘மத்ஸ்யவிநோதம்’ என்று தூண்டிலுக்கே ஒரு பகுதி. எந்த மீன் எங்கே இருக்கும், எதற்கு என்ன தீனி, எப்படிப் பழக்குவது என்றெல்லாம் வருகிறது. மீன் விஞ்ஞானி சுந்தர் லால் ஹோரா 1951-இல் இதைப் பற்றி விரிவாக எழுதினார். வங்காளத்தில் இன்றைக்கும் ரோகு, கட்லா பிடிக்கப் போகிறவர்கள் ‘சார்’ என்று ஒரு கலவை செய்கிறார்கள். கடுகுப் பிண்ணாக்கு, வறுத்த வெந்தயம், கச்சோலம் எல்லாம் அதில் சேரும். அவரவர் பக்குவம் அவரவருக்கு ரகசியம். சென்னை ராஜதானியில் உத்தியோகம் பார்த்த ஹென்றி சல்லிவன் தாமஸ் என்ற துரை, 1887-இல் இந்தியக் குளங்களில் தூண்டில் போடுவதற்கென்றே தனிப் புத்தகம் எழுதினார்.

இங்கிலாந்துத் தூண்டில்காரர்கள் உயிரை விடுகிற அதே சாதாக்கெண்டை 1939-இல் இலங்கையிலிருந்து நீலகிரிக்கு வந்தது. 1957-இல் பாங்காக்கிலிருந்து வேறொரு வகை வந்தது. சமவெளிக் குளங்களில் பரவியது அதுதான். அதற்கும் ரோகு, கட்லா, மிர்காலுக்கும் நாம் போடுகிற தீனி என்ன? தவிடும் கடலைப் பிண்ணாக்கும் சமபாகம், நனைத்து உருண்டை பிடித்து. ஆந்திராவில் சாக்குப் பையில் ஓட்டை போட்டுத் தீனியை நிரப்பி, மூங்கிலில் கட்டித் தொங்கவிடுகிறார்கள். மீன் ஓட்டையில் வாய் வைத்து உறிஞ்சும். இங்கிலாந்துத் தூண்டில்காரரும் சின்ன ஓட்டைக் குழாயில் முன்தீனியை அடைத்துத் தூண்டில் கயிற்றிலேயே கட்டுகிறார். இருவருக்கும் யோசனை ஒன்றுதான்: தீனி கொஞ்சம் கொஞ்சமாக, ஒரே இடத்தில், மீன் தேடி வந்து தின்கிற மாதிரி.

உங்கள் குளத்தில் தட்டில் தீனி வைக்கிறவர்கள், இரண்டு மணி நேரம் கழித்துத் தட்டைத் தூக்கிப் பாருங்கள். மிச்சம் கிடந்தால் மறுநாள் குறைத்துப் போடுங்கள். விடியற்காலையில் மீன் மேலே வந்து வாயைப் பிளந்து பிளந்து நின்றால், தண்ணீரில் பிராணவாயு குறைந்துவிட்டது என்று அர்த்தம். அன்றைக்குத் தீனியே வேண்டாம். புதுத் தண்ணீர் விடுங்கள்.